பகைவன் எழுதிய சாட்சியம்

சரித்திர புருஷர்களில் சிலருக்கு ஒரு விபரீதமான விதி வாய்த்திருக்கிறது. அவர்களுடைய முகத்தையும் குணத்தையும் நமக்குக் காட்டுவது, அவர்களை அழித்தவர்களுடைய எழுத்துத்தான்.

1520-ஆம் வருஷத்தில் ஸ்பெயின் அரசனுடைய கப்பல்களை நடத்திக்கொண்டு மகெல்லன் தென் அமெரிக்காவின் தென்கோடியை அடைந்தான். அங்கே வாழ்ந்த தெவெல்சே குலத்தாரை, அவனுடன் சென்ற பிகாபெட்டா என்ற இத்தாலியன் ராட்சதர்கள் என்று வர்ணித்தான். அவர்களில் இருவருக்குக் கை நிறையப் பரிசுகளைக் கொடுத்து, கை ஓயாமல் நின்ற சமயம் பார்த்துக் காலில் விலங்கு பூட்டிய கதையையும் அவனே எழுதியிருக்கிறான். ஒருவன் நடுக்கடலில் மாண்டான். அந்தக் குலத்துத் தலைவர்கள் தங்கள் கட்சியை எழுதிவைக்கவில்லை; அவர்களுக்கு எழுத்து இல்லை.

நமக்கோ எழுத்துக்குக் குறைவில்லை. ஆயினும் சிவகங்கைச் சின்ன மருதுவின் விஷயத்தில் நம் நிலைமை அதைவிட எவ்வளவோ மேல் என்று சொல்வதற்கில்லை.

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினிப் பட்டாளத்து அதிகாரி 1830-இல் தன் நினைவுகளைப் புஸ்தகமாக வெளியிட்டான். வாலிபப் பருவத்தில் அவன் மருது சகோதரர்களுடன் பழகியவன். பெரிய மருது வேட்டைப் பிரியர், மகா பலசாலி. ராஜ்ய காரியங்களைப் பார்த்தவர் சின்ன மருது. கறுத்த மேனி, கம்பீரமான தோற்றம், இனிய சுபாவம். அவருடைய தலையசைப்பே சட்டமாக இருந்தும், சிறுவயல் அரண்மனைக்குக் காவல் கிடையாது; யாரும் உள்ளே போகலாம், வரலாம். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரே என்று வெல்ஷ் நன்றியோடு குறிப்பிடுகிறான்.

பிறகு அதே வெல்ஷ், அதே மனிதரை வேட்டையாடிய படையில் சேர்ந்து வந்தான்.

1801 ஜூன் 16-ஆம் தேதி சின்ன மருதுவின் பிரகடனம் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. ஜாதி, மத பேதமின்றி ஜம்புத்வீபத்து ஜனங்கள் எல்லோரும் அந்நியருக்கு எதிராக எழவேண்டும் என்று அது அழைத்தது. அந்தப் பிரகடனமும் நமக்குக் கிடைத்தது எப்படி? கும்பினியார் அதை மொழிபெயர்த்துத் தங்கள் தஸ்தாவேஜுகளில் சேர்த்துவைத்ததனால்தான்! அக்டோபர் முதல் தேதி காளையார்கோயில் விழுந்தது. அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் சகோதரர் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் பாலகனான மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கு மேற்பட்டவர்கள் 1802-இல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். 1818-இல் வெல்ஷ் அங்கே துரைசாமியைச் சந்தித்தபோது, அவனை அடையாளம் கண்டுகொள்ள முடியவில்லை. முப்பது வயதை ஒட்டிய அவன் அவ்வளவு தளர்ந்திருந்தான்.

காவேரிக் கரையில் இருக்கும் நாம் இதைச் சற்று யோசிக்கவேண்டும். கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16-இல். ஒன்பதே நாள் கழித்து, 25-ஆம் தேதி, தஞ்சை ஸரபோஜி மன்னர் ராஜ்ய நிர்வாகத்தைக் கும்பினியாருக்கு எழுதிக் கொடுத்தார். திருவிடைமருதூர் வயல்களும் அந்த ஒரு கையெழுத்தோடு கைமாறின. கையெழுத்திட்ட மன்னருக்குக் கோட்டையும் ஸரஸ்வதி மஹாலும் மிஞ்சின. ஆகையால் அவருடைய அரண்மனைச் செலவுக் கணக்குகள்கூட மோடி எழுத்தில் இன்றும் இருக்கின்றன. கையெழுத்திட மறுத்தவருக்குக் காடும் கயிறும் கிடைத்தன, ஏடுகள் சிதறின. ராஜ்யத்தைக் கொடுத்தவருக்குத் தம் கதையையாவது காப்பாற்ற முடிந்தது; கொடாதவருக்கு அதுவும் முடியவில்லை.

இதற்காக ஸரபோஜியைத் தூற்றுவதில் பயனில்லை. அவர் காப்பாற்றிய நூல் நிலையம் தமிழுலகத்துக்குப் பெரிய செல்வம். ஆனால் பள்ளிப் பிள்ளைகளிடம் மருது சகோதரரைப் பற்றிக் கேட்டால், தூக்குமரத்தை மட்டும் சொல்கிறார்கள். காவலில்லாத அரண்மனையைப் பற்றி எவரும் சொல்வதில்லை. ஒரு தலைவனுடைய பெருமை அவன் இறந்த விதத்தில் மட்டுமா இருக்கிறது? அவன் வாசலில் பிரஜைகள் அச்சமின்றி நுழைந்ததிலும் அல்லவா இருக்கிறது!

வீட்டுப் பரணில் பழைய ஓலைகளும் பத்திரங்களும் வைத்திருக்கும் அன்பர்கள் அவற்றைப் பழைய குப்பை என்று ஆற்றில் விட்டுவிடவேண்டாம். படிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். நம்மவரைப் பற்றி நாமே சாட்சி சொல்லத் தவறினால், பகைவனுடைய நல்ல மனத்தை நம்பித்தான் நாம் இருக்கவேண்டும். எல்லாப் பகைவரும் வெல்ஷைப்போல் நன்றியுள்ளவர்களாக இருப்பார்கள் என்பது என்ன நிச்சயம்?