நீலமலை தரும் முதற்பாடம்

கணிப்பொறித் திரையில் முப்பரிமாண உருவம் சமைப்பது ஆங்கிலம் வல்லார்க்கே கைவரும் என்றொரு மயக்கம் நம் மாணவரிடையே நிலவுகிறது. அம்மயக்கம் நீங்க நீலமலையே போதும் என்பது நம் கருத்து.

தோடரின் மரபுக் குடிலைக் காண்போம். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துப் புல் வேய்ந்த அரையுருளை அது. கணிப்பொறி அவ்வளைவை ஒடுங்கிய தட்டைப் பட்டைகளாகப் பகுத்து, ஒவ்வொரு பட்டையையும் இரு முக்கோணங்களாக்கும். 8 பட்டைக்கு 16 முக்கோணங்கள். 32 பட்டைக்கு 64. பட்டைகள் பெருகப் பெருக வளைவு செம்மையுறும்.

அடுத்தது ஒளி. குன்னூர்த் தேயிலைச் சரிவுகளில் காலைக் கதிரவனை நேர்நோக்குவது பளிச்சிடுகிறது. விலகிச் சாய்ந்தது மங்குகிறது. பரப்பின் செங்குத்துக் கோட்டுக்கும் ஒளிக்கதிருக்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைன் மதிப்பே அவ்வேறுபாட்டின் அளவு. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் கணிப்பொறி செய்வது இக்கணக்கே. பொருள்களிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குக் காட்சி தருகிறது என 11-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிய இப்னுல் ஹைதம் நமக்கு அயலாரா?

1975-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் தம் வீட்டுத் தேநீர்க் கெண்டியைக் கணிப்பொறியில் வடித்தார்; வரைகலை உலகம் அதனையே மாதிரி வடிவமாக ஏற்றது. தேயிலை விளையும் மண்ணின் பிள்ளைகள் தோடர் குடிலை வடிக்கலாகாதா?

உருளை, கூம்பு, கோளம் என்னும் சொற்களைப் பள்ளியிலேயே கற்றவர்கள் அவர்கள். கல்லூரி வாயிலில் அவற்றைக் களைந்துவிட்டு வரச் சொல்பவர்கள் நாம். தோட்டத் தொழிலாளியின் பிள்ளை, சொல் புரியாமையைத் தன் அறிவுக் குறை என்றெண்ணி ஒதுங்கிவிடுகிறான். முதற்பாடத்தையேனும் தமிழில் நடத்துவோம். தமிழ்த்துறையும் கணிப்பொறித் துறையும் அதற்குக் கைகோக்கட்டும். வல்ல இறைவன் துணைநிற்பானாக!