பனிக்கட்டி ஏரியும் பாழுங்கிணறும்

எனக்கு ஒரு நண்பர் உண்டு. திண்டுக்கல்லில் மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரியும்படியான தெருவில் சொந்த வீடு. சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வேடசந்தூர் ரஸ்தாவில் நாலு ஏக்கர் தோட்டமும் அதில் ஒரு கிணறும் வைத்திருக்கிறார். கிணற்றைப் பற்றிப் பிற்பாடு சொல்கிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் காப்பி கொடுத்துவிட்டு, தம் கைத்தொலைபேசியை என் மூக்கருகே நீட்டி ஒரு படத்தைக் காட்டினார். ஏதோ ஒரு வடதேசம். பெரிய ஏரி ஒன்று பாறை மாதிரி உறைந்து கிடக்கிறது. அதில் ரம்பத்தால் அறுத்து, சதுரமாக ஒரு துவாரம் போட்டிருக்கிறார்கள். மஞ்சள் உடுப்பு அணிந்த ஒரு தீயணைப்பு வீரர் தாமாகவே அந்தத் துவாரத்துக்குள் குதித்துத் தத்தளிக்கிறார். இன்னொருவர் வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு உடும்பு மாதிரி அவரிடம் ஊர்ந்து போகிறார். கரையில் நாலு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இழுக்கிறார்கள்; மறுபடியும் குதிக்கிறார்கள்; மறுபடியும் இழுக்கிறார்கள்.

"பாருங்கள் சார், இவர்களுக்கு வேறு வேலையே இல்லை!" என்றார் நண்பர். "தீயை அணைக்கச் சம்பளம் வாங்குகிறவன் பனிக்கட்டியில் புரளுகிறான். 'ஏரிமேல் நடக்காதே' என்று ஒரு போர்டு எழுதி வைத்தால் தீர்ந்தது. அதையும் மீறிப் போகிறவன் போய்ச் சேரட்டுமே!"

நானும் சிரித்தேன். காப்பி சாப்பிட்ட வீட்டில் சிரிக்காமல் இருப்பது மரியாதை ஆகாது. ஆனால் வீட்டுக்குத் திரும்பி வரும்போது அந்தச் சிரிப்பு தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டது. அன்றைக்குச் சிரித்ததை வாபஸ் வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த மனிதர்கள் செய்த காரியம் என்ன என்று பார்ப்போம். உறைந்த ஏரி உடைந்து உள்ளே விழுந்தவனுக்குக் கெடு மிகக் குறைவு. கனடாவில் மனிடோபா சர்வகலாசாலையைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர், தம் உடம்பையே பலமுறை குளிர்நீரில் அமிழ்த்திப் பரிசோதித்தவர். அவர் வகுத்த கணக்கு மூன்று எண்களில் அடங்கும்: 1, 10, 1. விழுந்த அதிர்ச்சியில் மூச்சு இறைப்பது அடங்க ஒரு நிமிஷம். கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிஷம். நினைவு தப்பச் சுமார் ஒரு மணி நேரம். ஆகவே கரையிலிருந்து போகிறவன் அங்கே போய் யோசிக்க நேரம் கிடையாது. நின்றுகொண்டு நடந்தால் பாரம் ஓரிடத்தில் விழுந்து அவன் காலடியும் உடையும். படுத்துக்கொண்டால் பாரம் பரவும். முதலில் கம்பை நீட்டு. எட்டாவிட்டால் கயிற்றை வீசு. அதுவும் முடியாவிட்டால்தான் நீ போ. போகும்போது உன் இடுப்பில் கயிறு இருக்கட்டும். இதைப் புத்தகத்தில் படித்தால் ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிடும். ஆனால் கைக்கும் காலுக்கும் புரிய வேண்டுமானால், விறைக்கிற தண்ணீரில் நூறு தடவை இறங்கியாக வேண்டும். அதைத்தான் அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

"நமக்கு எங்கே ஐயா பனிக்கட்டி?" என்று கேட்பீர்கள். வாஸ்தவம். 1863-ல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு துரை கொடைக்கானலில் ஏரி உண்டாக்கினார். மார்கழியில் அங்கே புல்நுனி வெளுக்குமே தவிர, அந்த ஏரிகூட உறைந்ததில்லை. மலைக்குக் கீழே, சிறுமலைக்கும் குடகனாற்றுக்கும் இடைப்பட்ட சமவெளியில் நம்மைச் சுற்றி இருப்பவை கிணறுகள். செம்மண்ணைத் தாண்டிக் கரும்பாறையைத் தோண்டி, வெடிவைத்துப் பிளந்து, அறுபதடி, எண்பதடி ஆழத்துக்கு நம் பாட்டன்மார் இறக்கிவிட்ட கிணறுகள். மேலே பாதிவரை கல்கட்டு. பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்கள். அதற்குக் கீழே வெறும் பாறை. எத்தனை கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறது? பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு காலத்தில் இந்தக் கிணறுகளே நம் பிள்ளைகளுக்கு நீச்சல் பள்ளிக்கூடமாக இருந்தன. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமனோ சித்தப்பனோ தள்ளிவிடுவார். நாலு நாளில் பையன் மீனாகிவிடுவான். பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தது. ஐந்நூறு அடி, எண்ணூறு அடி என்று பூமியின் வயிற்றைத் துளைத்தோம். பாட்டன் வெட்டிய கிணறு வறண்டது. பத்து வருஷம் வறண்டு கிடந்தால் என்ன ஆகும்? ஒரு தலைமுறை நீச்சல் தெரியாமல் வளர்ந்துவிடும். அப்புறம் ஓர் ஐப்பசியில் மழை அடித்துக் கொட்டுகிறது. கிணறு வாய்வரை நிரம்புகிறது. ஊரே போய்ப் பார்க்கிறது. பையன்களுக்குத் தண்ணீரைக் கண்ட சந்தோஷம். நிரம்பிய கிணற்றைப் போல ஆபத்தான இடம் அப்போது வேறில்லை. உறைந்த ஏரியைப் போலவே அதுவும் பார்வைக்குச் சாதுவாக இருக்கும்.

தண்ணீர் இல்லாத கிணறாவது யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. தூர்வார இறங்குகிறவர்கள் விஷவாயு தாக்கி விழுகிறார்கள். பழைய நாளில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கமாட்டான். நல்ல யுக்திதான். ஆனால் டீசல் எஞ்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினால், அது விடுகிற புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு விளக்கை அணைக்காது. மனிதனை மட்டும் அணைத்துவிடும். ஒருவன் விழுந்தான் என்று அண்ணன் இறங்குவான். அண்ணனைத் தேடி மைத்துனன் இறங்குவான். மறுநாள் பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வரும்.

அந்த நாலு வரிதான் என் வழக்கு. 2004-ஆம் வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம் தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டார்கள். தேசமே அழுதது, பள்ளிகளின் கீற்றுக் கொட்டகைகள் பிரிக்கப்பட்டன. நெருப்பு ஒரே நாளில், ஒரே இடத்தில் கொன்றதால் நாம் விழித்துக்கொண்டோம். தண்ணீர் சாமர்த்தியசாலி. அது ஊருக்கு ஒருவராக, நாளுக்கு ஒருவராகத் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது. தேசியக் குற்றப் பதிவு ஆணையத்தின் கணக்குப்படி 2022-ஆம் வருஷத்தில் மட்டும் நம் நாட்டில் 38,000-க்கு மேற்பட்டவர்கள் நீரில் மூழ்கி இறந்தார்கள். நானூறு கும்பகோணம் என்று சொன்னால் மிகையாகாது. நானூறு கும்பகோணத்துக்கு எத்தனை கொட்டகையைப் பிரித்தோம்?

சில வருஷங்களுக்கு முன்பு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஊர்ப்பெயர் வேண்டாம். ரஸ்தாவை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றதால் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். கிணற்றைச் சுற்றி ஐம்பது பேர் இருந்தார்கள். ஒருவரிடமும் கயிறு இல்லை. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் மூழ்கிவிட்டான். அவனைக் காப்பாற்றக் குதித்த வாலிபன் மோட்டார் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறிக்கொண்டிருந்தான். தீயணைப்பு வண்டி வந்தது. மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு வீரர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். உயிரோடு இருக்கிறவனை முதலில் மேலே அனுப்பினார். பையனைப் பாதாளக்கரண்டி போட்டுத் தேடினார்கள். நம் வீட்டு வாளி விழுந்தால் போடுவோமே, அதே பாதாளக்கரண்டிதான். அரைமணி கழித்து அது சட்டையில் மாட்டிக்கொண்டு பையனைத் தூக்கி வந்தது. கரையில் இருந்த ஒரு பெரியவர் அவனைக் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சுற்றப் போனார். வயிற்றுத் தண்ணீரை வெளியேற்றுகிறாராம். அந்த வீரர் தடுத்துக் கீழே படுக்க வைத்து, வாயில் ஊதி, மார்பை அழுத்தினார். பிரயோஜனம் இல்லை. பையனின் தாய் அப்போதுதான் வயலிலிருந்து ஓடி வந்தாள். அதை நான் எழுதப் போவதில்லை.

பிறகு அந்த வீரர் வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் போய், "எங்கே தம்பி பழகினீர்கள் இதையெல்லாம்?" என்று கேட்டேன்.

"நீச்சல் எங்க ஊர்க் கிணத்துல கத்துக்கிட்டது சார். வேலைக்கு வந்தப்புறம் கிணத்துல இறங்கறது, இந்த மாதிரி ஆள் விழுந்த அன்னிக்கு மட்டுந்தான்."

பனிக்கட்டி ஏரியைப் பார்த்துச் சிரித்தபோது எனக்கு இந்தப் பதில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வருஷந்தோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் குளக்கரைகளில் செயல்விளக்கம் நடப்பது எனக்கும் தெரியும். காலிக் குடம், லாரி டியூப், வாழைத்தண்டு இவற்றைக் கொண்டு மிதப்பது எப்படி என்று காட்டுவார்கள். அதிகாரிகள் குடைநிழலில் உட்கார்ந்து பார்ப்பார்கள்; போட்டோ எடுப்பார்கள். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விளக்கம் வேறு, பழக்கம் வேறு. அரங்கேற்றத்தை மட்டும் நடத்திவிட்டு ஒத்திகையை விட்டுவிடுகிற நாட்டியம் உலகத்தில் உண்டா? பகலில் தெளிந்த குளத்தில் மிதப்பவர், ராத்திரி இரண்டு மணிக்குச் சேறும் கும்மிருட்டுமான கிணற்றில் என்ன செய்வார்? மூச்சுக்கருவியை மாட்டிக்கொண்டு எண்பதடி இறங்கிப் பழக, ஸ்டேஷனுக்கு ஒரு கிணறு கொடுங்கள். ஜில்லாவில் பாழுங்கிணற்றுக்கா பஞ்சம்?

பழகாத கருவி சமயத்தில் கைகொடுக்காது என்பதற்கு நம் ஜில்லாவே சாட்சி. வேடசந்தூருக்கு அருகே அழகாபுரியில் உள்ள குடகனாறு அணை 1977-ஆம் வருஷத்து வெள்ளத்தில் உடைந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த வேளையில் மின்சாரம் நின்றுபோயிற்று. மதகுக் கதவுகளை முழுவதும் தூக்க முடியவில்லை. வெள்ளம் கரைக்கு மேல் வழிந்து கரையையே கொண்டுபோயிற்று. பிற்பாடு அணையைக் கட்டிவிட்டோம். திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் வழியில் இருக்கிற மணப்பாறையையும் மறந்திருக்கமாட்டீர்கள். அதன் அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2019 அக்டோபர் 25-ந் தேதி துளைக்கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை மீட்க நாலு நாள் பாறையோடு மல்லுக்கு நின்றார்கள். தீபாவளியும் அதற்குள் வந்து போயிற்று. குழந்தை பிழைக்கவில்லை. கைவிட்ட துளைக்கிணறுகளை மூடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது 2010-ல். குழந்தை போன பிறகுதான் ஊர் ஊராகத் தேடி மூடினோம்.

"எல்லாம் விதி சார்" என்பார் நண்பர். விதி என்றால் மழைக்குக் குடை எதற்கு? "சர்க்காரிடம் பணம் எங்கே?" என்பார். மூன்றடிச் சுவருக்குச் சர்க்கார் பணம் எதற்கு? கிணற்று மேட்டில் ஒரு கழியும், இருபது பாகம் கயிறும், காற்றடைத்த பழைய டியூப் ஒன்றும் தொங்கவிட எந்தத் திட்டக் கமிஷன் கூடவேண்டும்? மூளைக்கு மூச்சுக்காற்று போகாவிட்டால் நாலைந்து நிமிஷத்தில் சேதம் ஆரம்பமாகிறது. எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த வண்டி நாலு நிமிஷத்தில் தோட்டத்துக் கிணற்றுக்கு வந்து சேரும்? வருகிற வீரருக்கு வித்தை தெரிந்திருக்க வேண்டும். அவர் வருவதற்குள் அங்கே நிற்கிற ஐம்பது பேரில் ஒருவனுக்காவது, குதிக்காமல் கயிறு வீசத் தெரிந்திருக்க வேண்டும். நாம் நம் குழந்தைகளைப் பணம் கட்டி நீச்சல் குளத்துக்கு அனுப்புகிறோம், மெடல் வாங்கி வர. கிணற்றோரத்தில் ஆடு மேய்க்கிற பையனுக்கு மெடல் வேண்டாம். ஐந்து நிமிஷம் மிதக்கத் தெரிந்தால் போதும். அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது என்கிறவர்கள், முக்கோணமிதியை மட்டும் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

நண்பரின் கிணற்றைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? எழுபதடி ஆழம். நாலு பக்கமும் கைப்பிடிச் சுவர் கிடையாது. தோட்டத்தில் குடியிருக்கும் காவல்காரருக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். அந்தப் படம் பார்த்து ஒரு வாரத்துக்கெல்லாம் நான் அவரிடம் போய், இங்கே எழுதியதையெல்லாம் வாயால் சொல்லி, "சுவரை எப்போது எழுப்பப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் நல்ல மனிதர், வெட்கப்பட்டார். "கொத்தனாரிடம் சொல்லியாகிவிட்டது சார். இந்த மழை விடட்டும், முதல் வேலையாகக் கட்டிவிடுகிறேன்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னது ஆடி மாதம். இன்றைக்கு மார்கழி பத்து. நேற்று அந்தப் பக்கம் போனேன். கிணறு நிரம்பியிருக்கிறது.