அம்மாவின் கூடையைக் காட்டிப் பயமுறுத்தாதீங்க, சேர்

"படிக்காட்டி கொழுந்து பறிக்கத்தான் போகணும்."

தோட்டத்து ஸ்கூல்ல படிச்ச யாருக்கும் இந்த வசனம் புதுசில்லை. எட்டாம் வகுப்பில் கணக்கு சேர் என்னைப் பார்த்து இதைச் சொன்னப்போ வகுப்பே சிரிச்சது. நானும் சிரிச்சேன். சிரிச்ச முக்கால்வாசிப் பேரோட அம்மா அந்த நேரம் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தாங்க.

சேர் கெட்டவர் இல்லை. எங்களுக்கு ரோஷம் வரட்டும்னுதான் சொன்னார். எனக்கு ரோஷம் வரலை, வெக்கம்தான் வந்தது. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு வர்றேன்னு கிளம்பின அம்மாவை வேணாம்னு சொல்லிட்டேன்.

ஊக்கம் கொடுக்கிறதா நினைச்சு நம்ம வகுப்பறைகளில் செய்யிற பெரிய தப்பு இது. தன் வீட்டையே கேவலமா நினைக்கப் பழகின பிள்ளை, எழும்பி நின்னு விடை சொல்ல எப்படித் துணியும்? பிழைச்சா திரும்பவும் அதே வசனம் வரும்னு அதுக்குத் தெரியுமே.

இதுக்கு மாற்று நம்ம மலையகத்திலேயே இருந்திருக்கு. 1960களில் ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் படிப்பித்த இர. சிவலிங்கம், திருச்செந்தூரன் போன்ற ஆசிரியர்கள் மாணவர்களை எழுதவும் மேடையில் பேசவும் தூண்டினார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய ஒரு சமூகத்தின் பிள்ளைகள் அவர்கள். 'மலையகத்தவர்' என்று தலைநிமிர்ந்து சொல்ல ஒரு தலைமுறை பழகியதில் அப்படியான ஆசிரியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்றைக்கு அந்தளவு வேண்டாம். ஒரு கணக்குப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு அம்மா 20 கிலோ கொழுந்து எடுக்கிறாங்க. தராசில் 2 கிலோ கழிக்கிறாங்க. எத்தனை வீதம் கழிச்சிருக்காங்க? முழுப் பேருக்கு 20 கிலோ வேணும்னா, அன்னைக்கு அவங்களுக்கு முழுப் பேரா, அரைப் பேரா? பின்வாங்கில் வாயே திறக்காத பிள்ளையும் இதுக்குக் கை உயர்த்தும். ஏன்னா இது அது ராத்திரி லயத்தில் கேட்ட பேச்சு. தனக்கும் ஏதோ தெரியும்னு ஒரு பிள்ளை நம்பத் தொடங்குவது அப்படித்தான்.

இன்னும் ரெண்டு விஷயம். கேள்வி கேட்டுட்டு உடனே கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்க்காமல் கொஞ்சம் பொறுத்திருங்க. பிழையான விடை வந்தா, எந்த இடத்தில் பிழைச்சதுன்னு அந்தப் பிள்ளையோடு சேர்ந்து கரும்பலகையில் தேடுங்க.

ஆசிரியர்கள் பாடும் லேசில்லைதான். கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் போதாது. 2015 வாக்கில் ஆசிரியர் உதவியாளர்களாக வந்தவர்களுக்கு ஆரம்பக் கொடுப்பனவு மாதம் 6,000 ரூபாதான். இதையெல்லாம் அரசாங்கம்தான் சரிசெய்யணும், அதுக்காக நாமும் சேர்ந்து கேட்கணும். ஆனா ஒரு வசனத்தை நிறுத்துறதுக்கு சுற்றறிக்கை தேவையில்லை.

"அப்போ பிள்ளைகள் தோட்டத்திலேயே கிடக்கட்டுமா?"ன்னு சிலர் கேட்கலாம். இல்லை. டொக்டரோ, டீச்சரோ, விரும்பினது ஆகட்டும். அம்மாவைப் பார்த்து வெக்கப்பட்டு ஓடுற ஓட்டமா மட்டும் அது இருக்க வேணாம்.

இதை வாசிக்கிறவங்கள்ல நிறையப் பேர் நாளைக்கு நம்ம தோட்டங்களுக்கே டீச்சரா போகப்போறவங்க. அந்த வசனம் உங்க வாயிலயும் ஒருநாள் வந்து நிக்கும். அப்போ பின்வாங்கில் இருக்கிற பிள்ளையை ஒருதரம் பாருங்க.