மாணவர் கையில் படக்கருவி

நமது சர்க்கார் பள்ளிக்கூடங்களில் யந்திரங்களுக்குப் பஞ்சம் என்று இனிமேல் யாரும் குறை சொல்ல முடியாது. 2011-ம் வருஷம் முதல் மேல்வகுப்பு மாணவர்களுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. 2018-ல் வெளிவந்த புதிய பாடப் புத்தகங்களில், கைப்பேசியைக் காட்டினால் படம் ஓடும்படியான கட்டக் குறிகள் அச்சாகியிருந்தன. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி ஆரம்பமாயிற்று. மறு வருஷம் கொள்ளை நோயின் காரணமாகப் பள்ளிகள் அடைபட்டபோது, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கு அந்தத் தொலைக்காட்சியே பள்ளிக்கூடமாக இருந்தது. இந்த ஏற்பாடுகளை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் இவை அனைத்துக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. எல்லாவற்றிலும் மாணவன் பார்க்கிறான், கேட்கிறான். பேசுகிறவர் வேறொருவர்.

கிரகணம் எப்படி உண்டாகிறது என்பதைப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பாஷை அப்படி வருவதன்று. வாயால் பேசியும் கையால் எழுதியும் நாலு பேர் முன்னால் தவறியும் திருத்தியும்தான் அது வசப்படும். ஆகையால், புதுக்கோட்டை ஜில்லாவின் தமிழ் வகுப்புகளில் படம் காட்டுவதோடு நின்றுவிடாமல், மாணவர்களே தங்கள் ஊரைப் பற்றிச் சிறு படங்கள் எடுக்கும்படி செய்யவேண்டும் என்று யோசனை கூறுகிறோம்.

இதற்குப் புதுக்கோட்டையை ஏன் குறிப்பிடுகிறோம் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். 1991-ம் வருஷம் இந்த ஜில்லாவில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையாரும் ஆயிரக்கணக்கான தொண்டர்களும் எழுத்துப் பாடத்தோடு சைக்கிளையும் சேர்த்து ஸ்திரீகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் சைக்கிளில் ஏறினார்கள். 1992-ல் சர்வதேச மகளிர் தினத்தை ஒட்டி ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்ததைப் பத்திரிகையாளர் சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பரிகாசம் செய்தவர்கள் இல்லாமலில்லை. ஆனால் அந்தப் பரிகாசத்தைத் தாண்டி அவர்கள் சந்தைக்கும் கிணற்றுக்கும் வகுப்புக்கும் தாங்களே போய்வந்தார்கள். அவர்களுக்கு யாரும் சைக்கிள் ஓட்டும் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கவில்லை. வண்டியையே கையில் கொடுத்தார்கள். நாம் கேட்பதும் அவ்வளவே.

படம் எடுப்பதில் தமிழ்ப் பாடம் எங்கே இருக்கிறது? ஓர் உதாரணம் சொல்லுவோம். ஐந்து மாணவர்கள் தங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி ஐந்து நிமிஷப் படம் எடுக்கப் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதுக்கோட்டைச் சீமை கண்மாய்களாலும் ஊருணிகளாலும் வாழ்ந்த சீமை. கண்மாய்க்குப் போனவுடன் அவர்களுக்கு முதலில் வேண்டியது வார்த்தைகள். மடை எது, குமிழி எது, கலிங்கு எது, மறுகால் எங்கே பாய்கிறது என்பதை யாராவது ஒரு முதிய விவசாயியிடம் கேட்டாகவேண்டும். இந்த வார்த்தைகளைப் பாடப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துச் சொற்பட்டியலில் தேடுவதை விடக் கண்மாய்க் கரையில் கேட்டுக்கொள்வது சுலபம். கோட்டைப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு வாடையும் கொண்டலும் கச்சானும் சோழகமும் வெறும் அருஞ்சொற்கள் அல்ல. தகப்பனார் எந்தக் காற்றுக்குப் படகு இறக்குவார், எதற்கு இறக்க மாட்டார் என்ற செய்தி. வகுப்பிலே இந்தப் பிள்ளை வாய் திறவாதிருக்கிறான். அவனுடைய தமிழை யாரும் கேட்பதில்லை.

பெரியவர் பேசியதைப் பதிவு செய்தாயிற்று. அது பேச்சுத் தமிழ். அதைக் கேட்டுக் கேட்டு எழுத்தில் இறக்கவேண்டும். பின்னர் படத்தோடு பின்னணியில் சொல்லவேண்டிய விவரத்தை மாணவர்களே நல்ல நடையில் எழுதவேண்டும். ஒரே வாரத்தில் இரண்டு தமிழுக்கும் இடையே பத்துத் தடவை போய்வருகிறார்கள். நம் மாணவர்களை மிகவும் திணற அடிக்கும் விஷயம் இதுவேயாகும். வீட்டுத் தமிழ் வேறு, ஏட்டுத் தமிழ் வேறு. வீட்டுத் தமிழ் வெட்கப்படவேண்டியது என்ற எண்ணத்தை உண்டாக்கிவிட்டு ஏட்டுத் தமிழைப் புகட்டப் பார்க்கிறோம். படத்தில் பெரியவரின் பேச்சுக்கும் இடமுண்டு, மாணவரின் எழுத்துக்கும் இடமுண்டு. அரைமணி நேரப் பேச்சை ஐந்து நிமிஷமாகக் குறைக்கும்போது எது சாரம், எது சக்கை என்று வாதாடியே தீரவேண்டும். சுருக்கி வரைதல் என்று தேர்வில் கேட்கப்படும் பாடம் இதுதானே? தன் குரலைத் தானே கேட்கும் பையன் தன்னுடைய ழகரம் எங்கே நழுவுகிறது என்பதை உபாத்தியாயர் சொல்லாமலே அறிந்துகொள்ளுகிறான். திரையில் தோன்றும் எழுத்தில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தால் ஊரே பார்க்கும். அச்சுப்பிழைக்காக ஊராரிடம் ஏச்சுக் கேட்பவர்கள் என்ற முறையில், அந்தப் பயம் எவ்வளவு நல்ல உபாத்தியாயர் என்பது நமக்குத் தெரியும்.

இது புதுமை மோகம் என்று சிலர் ஒதுக்கக்கூடும். காரியத்தின் வழியே கல்வி என்பதை 1937-ல் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில் காந்தியடிகளே வற்புறுத்தவில்லையா? அதற்கும் முன்பு, 1924-ல் பிரான்ஸ் தேசத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் செலஸ்தேன் ஃபிரேனே என்ற உபாத்தியாயர் சிறு அச்சு யந்திரம் ஒன்றை வகுப்பறைக்குள் கொண்டுவந்து, பிள்ளைகள் எழுதியதைப் பிள்ளைகளையே அச்சுக் கோக்கச் செய்தார். தமிழரிலும் முன்மாதிரி உண்டு. அண்டையிலுள்ள கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார் தேசம் தேசமாகச் சுற்றிப் படச் சுருள்களைத் திரட்டி, மகாத்மாவைப் பற்றிய படத்தை 1940-ல் தமிழில் வெளியிட்டார்.

சினிமாப் பைத்தியம் முற்றிவிடும் என்பது மற்றோர் ஆட்சேபம். புதுக்கோட்டையில் பிறந்த பி. யு. சின்னப்பா திரைக்கு வருமுன் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர் என்பதை ஆட்சேபிப்பவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். அந்தக் கம்பெனிகளின் பழக்கவழக்கங்களை நாம் மெச்சவில்லை. ஆனால் வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துச் சிறுவர்களின் நாவைத் திருத்தியதில் பல பள்ளிக்கூடங்கள் அவற்றுக்கு ஈடாகமாட்டா. இன்று பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் தமிழுக்கு ஒரு தாள், நூறு மதிப்பெண், அத்தனையும் எழுத்து. தமிழ் பேசத் தெரியுமா என்று யாரும் சோதிப்பதில்லை. சோதிக்காததைக் கற்பிப்பதற்கு உபாத்தியாயருக்கு அவகாசம் ஏது? இப்படங்களுக்கு ஒரு சிறு மதிப்பெண்ணாவது ஒதுக்கினாலன்றி, இந்த யோசனை ஆண்டு விழாவோடு முடிந்துவிடும்.

மாணவர்கள் கைப்பேசியோடு பள்ளிக்கு வரவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பள்ளிக்கென்று ஒரே கருவி, உபாத்தியாயர் பொறுப்பில் இருந்தால் போதும். பிள்ளைகளின் முகத்தை, விசேஷமாகப் பெண் குழந்தைகளின் முகத்தை, உலகமெல்லாம் பார்க்க இணையத்தில் ஏற்றுவதும் வேண்டாம். ஊரில் எடுத்த படம் ஊரில் ஓடட்டும். ஆனால் அந்தப் பயத்தைக் காரணமாகக் காட்டிப் பெண்களைக் கருவியைத் தொடவிடாமல், பையன்கள் படம் எடுக்கப் பெண்கள் கோலம் போட்டு நிற்கும் ஏற்பாடு வந்துவிடக்கூடாது. சைக்கிள் ஏறிய தாய்மாரின் ஜில்லா இது.

இதைவிடக் கடினமான விஷயம் ஒன்று உண்டு. கீரமங்கலத்துப் பூ வியாபாரத்தையும் வடகாட்டுப் பலாவையும் சித்தன்னவாசல் சித்திரத்தையும் மாணவர்கள் படம் எடுத்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனித மலம் கலந்திருப்பது தெரியவந்தது. விசாரணைக்குச் சென்ற கலெக்டர், பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதைக் கண்டார். கலெக்டர் கண்டது அன்றைக்குத்தான். அந்த வழியே பள்ளிக்குப் போய்வந்த பிள்ளைகளுக்கு அது புதிதாகவா இருந்திருக்கும்? அவர்களில் ஒருவன் அதற்கு முந்திய மாதமே அந்தக் குவளைகளைப் படம் எடுத்து வந்திருந்தால், பள்ளிக்கூடம் என்ன செய்திருக்கும்? படத்தை அழித்துவிட்டுப் பையனைக் கண்டித்திருக்கும் என்றே அஞ்சுகிறோம். கண்டதை எழுதாதே, கேட்டதைப் பேசாதே என்று கட்டளையிட்டுவிட்டு, 'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொல்லும் பள்ளியில் எந்தத் தமிழ் வளரும்? உண்மையைப் படம் எடுத்த மாணவன் மீதோ, அனுமதித்த உபாத்தியாயர் மீதோ நடவடிக்கை எடுக்கப்பட மாட்டாது என்று கல்வி இலாகா எழுத்து மூலம் உறுதி கூறவேண்டும்.

ஜில்லாவிலுள்ள தேச ஊழியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அறிவொளி நாட்களில் தெருவில் நாடகம் போட்டவர்கள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்க அவர்களை அழைக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோரின் பிரதிநிதிகளாக இருப்பவர்கள், கருவி ஒன்றுக்கான தொகையைத் தீர்மானமாகக் கேட்கலாம். அக்டோபர் 2-ந் தேதி காந்தி ஜயந்தியன்று ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. வரவு செலவு படித்து முடிந்ததும், அன்று இருட்டிய பிறகு, அவ்வூர்ப் பிள்ளைகள் எடுத்த ஒரு படத்தைப் பஞ்சாயத்துக் கட்டிடச் சுவரில் போட்டுக் காட்டட்டும். சுவர் வெள்ளையாக இல்லாவிட்டால், நமது ஊழியர்களில் ஒருவர் தமது கதர் வேஷ்டியைக் கொடுத்து உதவட்டும்.