பல்கலைக்கழக நாடகத் துறைகளின் ஆசிரியர் பணியில் கூத்து வாத்தியார்களுக்கு இடம் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்,
வட்டாரத் தெருக்கூத்து, நாடகக் கலைஞர்கள் சங்கம்,
திருத்தணி, திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
1. அரசுச் செயலாளர் அவர்கள், உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை.
2. துணைவேந்தர் அவர்கள், தமிழ்ப் பல்கலைக்கழகம், தஞ்சாவூர்.
3. பதிவாளர் அவர்கள், சென்னைப் பல்கலைக்கழகம், சென்னை.

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருவள்ளூர், இயக்குநர் அவர்கள், கலை பண்பாட்டுத் துறை, சென்னை.

பொருள்: நாடகத் துறை ஆசிரியர் தகுதி விதியில் திருத்தம், கௌரவ ஆசிரியர் ஊதியம், திருத்தணி அரசுக் கல்லூரியில் கூத்துப் பட்டயப் படிப்பு ஆகியவை கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டைப் பகுதிகளில் திரௌபதி அம்மன் கோயில் கொடியேறிவிட்டால் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும். படுகளத்தன்று காலை துரியோதனன் விழுகிற வரையில் எங்கள் ஜமாக்களுக்கு, அதாவது கூத்துக் குழுக்களுக்கு, உறக்கம் கிடையாது. மற்ற மாதங்களில் எங்களில் பலர் தறியிலும் கழனியிலும் இருப்பவர்கள். வாத்தியார்களாக இந்தக் கலையைக் கற்றுக்கொடுக்கும் வேலையை ஊதியமோ பதவியோ இல்லாமல் செய்துவருபவர்கள். அந்த உரிமையில்தான் இந்த மனுவை அளிக்கிறோம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் கலைத் துறைகளின் உதவிப் பேராசிரியர் தகுதி இரண்டு வழிகளில் சொல்லப்பட்டிருக்கிறது. ஒன்று, முதுகலைப் பட்டத்துடன் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது முனைவர் பட்டம். மற்றொன்று, கலைஞர்களுக்கென்றே வைத்த வழி. இசைக்கும் நடனத்துக்கும் அந்த இரண்டாம் வழியில், புகழ்பெற்ற குருவிடம் மரபாகப் பயின்றிருந்தால் அது தகுதிகளில் ஒன்றாக ஏற்கப்படுகிறது. நாடகத்துக்கு வரும்போது விதி மாறிவிடுகிறது. ‘மரபுவழிக் கலைஞர்’ என்று தலைப்பில் எழுதிவிட்டு, கீழே தேசிய நாடகப் பள்ளியிலோ அங்கீகாரம் பெற்ற வேறு நிறுவனத்திலோ பட்டமோ பட்டயமோ பெற்றிருக்க வேண்டும் என்கிறது. நாகசுரத்துக்கும் பரதத்துக்கும் குருகுலம் செல்லும், கூத்துக்கு மட்டும் செல்லாது என்பதற்கு அந்த ஒழுங்குமுறையில் எங்கும் காரணம் சொல்லப்படவில்லை.

இதன் விளைவை ஒரு பெயரால் சொல்லிவிடலாம். ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை நாடகக் குழு நடிகர்களுக்கு அடவு சொல்லிக்கொடுத்தவர் கூத்து வாத்தியார் புரிசை கண்ணப்ப தம்பிரான். சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றவர். அவர் இன்றிருந்து நாடகத் துறைக்கு விண்ணப்பித்தால் முதல் பரிசீலனையிலேயே விண்ணப்பம் தள்ளுபடியாகும்.

படித்தவர்கள் தேவையில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. தேசிய நாடகப் பள்ளியில் பயின்று தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் துறையை வளர்த்த சே. இராமானுஜம், நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கிய பேராசிரியர் மு. இராமசாமி, புதுச்சேரிப் பல்கலைக்கழக நாடகப் பள்ளியை முதலில் வழிநடத்திய இந்திரா பார்த்தசாரதி, அங்கேயே பணியாற்றிய கே.ஏ. குணசேகரன் ஆகியோர் இல்லாவிட்டால் இந்தக் கலையைப் பல்கலைக்கழகம் திரும்பிப் பார்த்திருக்காது. அவர்கள் திறந்துவைத்த கதவு வாத்தியார்கள் நுழையும் அகலத்துக்கு இல்லை என்பதே எங்கள் குறை.

வகுப்பறையில் வாத்தியார் எதற்கு என்று கேட்கலாம். கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கட்டிக்கொண்டு ஒருவன் கிறுக்கி சுற்றினால் கயிறு எந்த இடத்தில் அறுக்கும், எந்த முடிச்சு விடியும்வரை நெகிழாமல் நிற்கும் என்பது புத்தகத்தில் இல்லை. முகவீணை எடுத்த சுதியில் பாட்டு நிற்கவில்லையென்றால், திரைக்குப் பின்னால் நிற்கும் வேடக்காரனே விருத்தத்தை எந்த இடத்தில் விட்டு எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. மாணவன் பக்கத்தில் உட்கார்ந்து, அரிதாரம் பூசும் கையைப் பார்த்துத்தான் இதைக் கற்க முடியும்.

எனவே, நாடகத்துக்கும் குருவழிப் பயிற்சியை ஏற்கும்படி ஒழுங்குமுறையைத் திருத்த, மாநில அரசு மானியக் குழுவுக்கு முறைப்படி எழுத வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை. அந்தப் பயிற்சிக்குச் சான்று என்ன என்று அதிகாரிகள் கேட்பது நியாயமே. மாவட்டக் கலை மன்றங்கள் வழியாக அரசே கலை நன்மணி, கலை முதுமணி விருதுகளை வழங்குகிறது. மேடையில் பொன்னாடை போர்த்திக் கொடுத்த அந்தச் சான்றிதழை அரசின் இன்னொரு துறை தகுதியாக மதிப்பதில் என்ன தடை?

திருத்தம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ‘புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்’ என்ற பெயரில் மானியக் குழு 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காடு வரை துறை வல்லுநர்களை அமர்த்திக்கொள்ள இடம் தருகிறது. பட்டம் கட்டாயமில்லை, 15 ஆண்டு அனுபவம் போதும். தொழில் நிறுவன அதிகாரிகளை மனத்தில் வைத்து எழுதிய விதியாக இருக்கலாம். ஆனால் கூத்து வாத்தியாரை அது எங்கும் விலக்கவில்லை. நாடகத் துறை ஒவ்வொன்றிலும் ஒரு வாத்தியாரையாவது இவ்வழியில் அமர்த்தக் கோருகிறோம்.

பட்டம் பெற்ற எங்கள் பிள்ளைகளின் நிலையும் சொல்லத்தக்கதாக இல்லை. நெட் தேர்வில் நடனமும் நாடகமும் ஒரே தாளில் வருவதால், கூத்து ஆய்வு செய்தவன் நடன இலக்கணமும் படிக்க வேண்டியிருக்கிறது. தேறிய பிறகும் கிடைப்பது கௌரவ ஆசிரியர் வேலைதான். மானியக் குழு 2019-இல் ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று வரையறுத்தது. அதை முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும். அதோடு, நாடகத்தில் பாடம் மணியடித்தவுடன் முடிவதில்லை. ஒத்திகை, ஒப்பனை, அரங்கேற்ற இரவு ஆகியவற்றையும் பணி நேரமாகக் கணக்கிட வேண்டும். நிரந்தரப் பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை என்ற பட்டியலைத் துறைவாரியாக வெளியிட வேண்டும்.

எங்கள் ஊருக்கென்று ஒரு கோரிக்கை. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டோடு இணைந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயன் அது. எல்லைக் கோடு பிரித்தாலும் கூத்து பிரியவில்லை. ஆந்திர எல்லைக்குள் நகரி, புத்தூர்ப் பக்கம் இதே பாரதம் தெலுங்கில் வீதி நாடகமாக ஆடப்படுகிறது. இரு மொழியும் தெரிந்த கலைஞர்கள் இங்கே இருக்கிறார்கள். திருத்தணி ஸ்ரீ சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரியில் ஓராண்டுக் கூத்துப் பட்டயப் படிப்பைத் தொடங்கவும், சென்னைப் பல்கலைக்கழகம் அதற்கு அனுமதி அளிக்கவும், குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இருமொழிப் பிரதிகளைப் பதிவு செய்யவும் வேண்டுகிறோம். நாடகம் படிக்க இங்குள்ள பிள்ளை இன்று தஞ்சாவூருக்கோ புதுச்சேரிக்கோ போக வேண்டியிருக்கிறது. பெண் பிள்ளைகளைப் பல வீடுகள் அவ்வளவு தூரம் அனுப்புவதில்லை.

நாடு ஆசிரியர் தினமாகக் கொண்டாடும் செப்டம்பர் 5, திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் அவர்களின் பிறந்த நாள். வரும் ஆசிரியர் தினத்துக்குள் இம்மனு மீது எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கவும், எங்கள் பிரதிநிதிகள் நேரில் விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தரவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்
இடம்: திருத்தணி