டைனமோ சுற்றிக் கேட்ட பாட்டு



இரண்டு மாதங்களுக்கு முன் எமது மாதர் குழுக் கூட்டத்தில், சேமிப்புக் கணக்கு வேலை முடிந்த பின்னர், எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்டேன். "பதினாறு வயதில் உங்களுக்கு விருப்பமான பாட்டு எது?"

முதலில் ஒரே சிரிப்பு. அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா ஏ.ஈ. மனோகரனின் பொப் பாடல்களைச் சொன்னார். "கலியாண வீட்டிலை அந்தப் பாட்டுப் போட்டால் கிழவியளும் கால் தட்டுவினம் பிள்ளை" என்றார். அந்தப் பாடல்களில் கலந்திருக்கும் பைலாத் தாளம் போர்த்துக்கேயர் காலத்தின் வழியாக இலங்கைக்கு வந்தது. பைலா என்ற சொல்லே அவர்களுடைய மொழியில் ஆடுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

அடுத்து டைனமோக் கதை. 1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கிய பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ வயரை வானொலியில் கொழுவிப் பாட்டுக் கேட்டோம். நான்கு பற்றரி தரும் 6 வோல்ற் மின்சாரத்தை டைனமோவும் தரும். ஆனால் கை சோர்ந்தால் பாட்டும் சோர்ந்துவிடும். எங்கள் வீட்டில் சுற்றியது அண்ணா. அருகில் குந்தியிருந்து கேட்டது நான். அண்ணா இன்று இல்லை. பழைய பாட்டு ஒன்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பாடியவரின் குரலல்ல, சில்லுச் சுற்றும் சத்தம்தான்.

என்னுடைய பதினாறு வயது சமாதான காலத்தில் வந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்தது. கசற் கடைகளில் புதுப் பாட்டுக்கள் குவிந்தன. 2003இல் 'திருடா திருடி', 2004இல் 'கில்லி'. அந்தத் துள்ளல் பாட்டுக்கள் ஒலிக்காத மினிபஸ் இல்லை. 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது. ஊரடங்கில் வானொலியின் சத்தத்தையும் குறைத்து வைத்தோம்.

என் வயதுச் சகோதரி ஒருவர் மட்டும் பேசாமல் இருந்தார். அவருடைய கணவர் 2008இல் காணாமல் போனவர். கடைசியில் சொன்னார்: "அவர் பதிஞ்சு தந்த கசற் ஒண்டு இருக்கு. வந்தாப் பிறகு கேப்பம் எண்டு எடுத்து வைச்சிட்டன்." உயர்தர வகுப்பில் படிக்கும் மகளைப் பாடசாலை விழாவில் ஆடக் கேட்டிருக்கிறார்களாம். இவர் மறித்துவிட்டார். "தேப்பனைத் தேடுற வீட்டிலை ஆட்டம் என்ன எண்டு சனம் கேக்கும்" என்றார். யாரும் மறுமொழி சொல்லவில்லை. அது எங்களில் பலர் எங்களுக்கே சொல்லிக்கொண்ட வார்த்தை.

சமூகவியல் படித்த நாட்களில் எமில் டுர்கெய்ம் என்ற அறிஞரைப் பற்றி அறிந்தேன். மனிதர் ஒன்றுகூடிப் பாடி ஆடும்போது பிறக்கும் எழுச்சிதான் அவர்களை ஒரு சமூகமாகப் பிணைக்கிறது என்று அவர் 1912இல் எழுதினார். யுத்தம் எங்களிடமிருந்து உயிர்களை மட்டும் பறிக்கவில்லை, ஒன்றாகக் கூடிச் சிரிக்கும் பழக்கத்தையும் பறித்தது. ஒரு பாட்டுக் கேட்பதால் தேடல் நின்றுவிடாது. மறந்துவிட்டோம் என்றும் ஆகாது.

ஆனால் யாரையும் வற்புறுத்தக் கூடாது. பாட்டு மனதின் கதவைச் சட்டென்று திறந்துவிடும். நெஞ்சு கனத்தால் நிறுத்திவிடுங்கள். நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள். பிள்ளைகளிடம் அந்தப் பாட்டின் கதையைச் சொல்லுங்கள். உங்கள் மௌனத்தை அவர்கள் கோபம் என்று நினைக்கக்கூடும்.

சென்ற கூட்டத்துக்கு அந்தச் சகோதரி கசற்றைக் கொண்டுவந்தார். போட்டுக் கேட்க ஒருவரிடமும் ரேப் ரெக்கோடர் இல்லை. கூட வந்த மகள் உறையில் தகப்பனின் கையெழுத்தில் இருந்த பெயர்களை வாசித்தாள். அதில் முதல் பாட்டைத் தன் கைத்தொலைபேசியில் தேடிப் போட்டாள். தாய் கசற்றை மடியில் வைத்தபடி கடைசிவரை கேட்டார். பிறகு மகளைப் பார்த்து, "விழா எப்ப எண்டு சொன்னனீ?" என்று கேட்டார்.

சகோதரிகளே, உங்கள் பதினாறு வயதுப் பாட்டு எது? அடுத்த முறை கூடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.