வேகத்தைக் குறைக்கலாம், காரணத்தை மறைக்கலாமா?

திறன்பேசி மெதுவாக இயங்கத் தொடங்கினால், புதிது வாங்கும் நேரம் வந்துவிட்டது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். மின்கலத்தை மட்டும் மாற்றினால் போதுமா என்று யோசிப்பவர்கள் குறைவு. அப்படி யோசிக்கத் தேவையான தகவலைத் தருவது இயங்குதளத்தின் கடமை.

2017 ஜனவரியில் வெளியான ஐஓஎஸ் 10.2.1 இதற்கு நல்ல பாடம். லித்தியம் மின்கலம் பழையதாக ஆக, அதன் உள்தடை கூடுகிறது. பிராசசர் திடீரென அதிக மின்சாரத்தை இழுத்தால் மின்னழுத்தம் சரிந்து, திறன்பேசி அணைந்துவிடும். இதைத் தடுக்க, மின்கலம் தேய்ந்த சில ஐபோன்களின் உச்ச வேகத்தை ஆப்பிள் குறைத்தது. தொழில்நுட்ப ரீதியில் அது நியாயமான முடிவு. ஆனால், வேகம் குறைவதைப் பயனீட்டாளரிடம் தெளிவாகச் சொல்லவில்லை. அதுதான் தவறு.

அவ்வாண்டு டிசம்பரில் வேகச் சோதனைகள் உண்மையை வெளிக்கொண்டு வந்தன. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் 79 டாலராக இருந்த மின்கல மாற்றுக் கட்டணம் 29 டாலராகக் குறைந்தது. 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3, மின்கலத்தின் நிலையைக் காட்டியது. வேகக் கட்டுப்பாட்டை நிறுத்தும் வசதியையும் தந்தது. பயனீட்டாளருக்குத் தகவல் தராததற்காக 2020இல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

“சாதாரண மக்களுக்கு இந்த விவரமெல்லாம் எதற்கு, குழப்பம்தானே மிஞ்சும்?” என்று சிலர் கேட்கலாம். இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூட காரின் எச்சரிக்கை விளக்கைப் புரிந்துகொள்கிறார். வன்பொருளின் சிக்கலை இயங்குதளம் மறைப்பது வசதி. அதன் நிலையை மறைப்பது வேறு. அது உரிமையாளரின் முடிவெடுக்கும் உரிமையைப் பறிப்பதாகும்.

எல்லாச் செயலிகளுக்கும் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். கேமராவைப் பயன்படுத்தச் செயலி நம் அனுமதியைக் கேட்பது சரியே. செயலிக்குக் கட்டுப்பாடு, உரிமையாளருக்கு வெளிப்படைத்தன்மை என்பதே முறை.

கைச்செலவுப் பணத்தைச் சேர்த்துத் திறன்பேசி வாங்கும் மாணவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. அடுத்த முறை புதியதைத் தேடுமுன், அமைப்புகளில் மின்கலத்தின் நிலையைப் பாருங்கள். கணினியியல் படிப்பவர்களே, நாளை நீங்கள் எழுதும் மென்பொருள் ஒரு சாதனத்தின் வேகத்தைக் குறைக்க நேர்ந்தால், அதன் உரிமையாளரிடம் முதலில் சொல்லுங்கள்.